ஸ்மார்ட் மிரருக்கு மோஷன் சென்சார்: ஒரே கண்ணாடியில் நான்கு கோளாறுகள்

ஸ்மார்ட் மிரர் என்பது, முகம் பார்க்கும்போதே நேரம், வானிலை, செய்தி ஆகியவற்றையும் காட்டும் கண்ணாடி. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கண்ணாடி, சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டு ஹாலில் வாசற்கதவை ஒட்டிய சுவரில் மாட்டப்பட்டது. பொருள்கள் எல்லாம் வழக்கமானவை: வெளிச்சட்டம் கழற்றிய 24 அங்குல எல்சிடி மானிட்டர், அதன் முன்னால் 4 மி.மீ. இருவழிக் கண்ணாடி (முன்னால் முகம் காட்டி, பின்னால் உள்ள திரையின் ஒளியையும் விடுவது), 7 செ.மீ. ஆழமுள்ள பிளைவுட் பெட்டி, உள்ளே ராஸ்பெர்ரி பை 4 (இனி ‘பை’) என்ற கையளவுக் கணினி, அதில் திரைக்கு இவற்றை அனுப்பும் மேஜிக் மிரர் மென்பொருள். ஆள் வந்து நின்றால் திரை எரிய வேண்டும். ஆள் போன இரண்டு நிமிடத்தில் அணைய வேண்டும்.

சென்சாரே இல்லாமல் திரையை எப்போதும் எரியவிட்டால் என்ன என்று கேட்கலாம். 20 வாட் மானிட்டர் ஒரு நாளுக்கு ஏறக்குறைய அரை யூனிட் தின்னும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூடிய மரப்பெட்டிக்குள் தேங்கும் சூடுதான் பெரிய தொல்லை. தவிர, எல்சிடியின் கறுப்பு உண்மையான கறுப்பு அல்ல. விளக்கணைத்த ஹாலில் கண்ணாடிக்கு நடுவே சாம்பல் நிறச் செவ்வகம் ஒன்று இரவு முழுக்கத் தெரியும்.

கண்ணாடிக்குப் பின்னால் பிஐஆர் வேலை செய்யாது

முதலில் போட்டது, எல்லோரும் வாங்கும் எச்சி-எஸ்ஆர்501. ரிச்சி தெருவில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும் வெள்ளைக் குமிழ் வைத்த பிஐஆர் பலகை, அதாவது உடம்புச் சூட்டின் அகச்சிவப்பு அலையைக் கொண்டு அசைவை உணரும் பலகை அது. அழகு கெடக்கூடாது என்று மானிட்டருக்குக் கீழே, இருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டப்பட்டது. திரை ஒருமுறைகூட எரியவில்லை.

இதில் பலரும் ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் வைத்த கேமரா பார்க்கிறது. டிவி ரிமோட்டின் ஒளியும் அகச்சிவப்புதான், அதுவும் கண்ணாடியைத் தாண்டிப் போகிறது. அப்படியானால் பிஐஆரும் பார்க்கும் என்று தோன்றும். ஆனால் ரிமோட்டின் அலைநீளம் 0.94 மைக்ரோமீட்டர். பிஐஆர் தேடுவது உடம்புச் சூட்டிலிருந்து வரும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலை. சாதாரணக் கண்ணாடி 5 மைக்ரோமீட்டருக்கு மேல் எதையும் விடாது. 3 மி.மீ. அக்ரிலிக்கும் அப்படியே. பாதரசம் போன்ற அந்தப் பளபளப்புப் பூச்சின் மேல் பழி போட வேண்டாம். பூச்சே இல்லாத ஜன்னல் கண்ணாடியும் பிஐஆருக்குச் சுவர்தான். அந்த வெள்ளைக் குமிழ் மெல்லிய பாலிதீன் வகையில் செய்யப்பட்டிருப்பதும் இதனால்தான். அந்தச் சூட்டலையை விடும் மலிவான பொருள் அது.

ஆகவே பிஐஆர் என்றால் சட்டத்தில் துளை போட்டே ஆக வேண்டும். எஸ்ஆர்501-இன் குமிழ் 23 மி.மீ. அகலம். துளையைச் சட்டத்தின் கீழ்ப்பகுதியில் போடுங்கள். மேலே போட்டால் மானிட்டரிலிருந்து எழும் சூடான காற்று குமிழின் முன்னாலேயே ஏறிப்போகும், அதையே சென்சார் ஆள் என்று எடுத்துக்கொள்ளும். குமிழ் சட்டத்தின் முகப்போடு சமமாகவோ சற்று வெளியே நீட்டியோ இருக்கட்டும். 18 மி.மீ. பிளைவுட்டுக்குள் புதைந்துவிட்டால் பார்வைக் கோணம் பாதியாகச் சுருங்கும்.

நோக்கும் திசையையும் கவனிக்க வேண்டும். குமிழுக்குள் இரண்டு உணர்பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைத்தான் பலகை அளக்கிறது. குறுக்கே நடப்பவர் ஒரு பட்டையிலிருந்து மற்றதற்குத் தாவுவதால் உடனே தெரிவார். நேர் எதிரே வருபவர் இரண்டிலும் சமமாகப் பெரிதாவதால் மிகத் தாமதமாகத்தான் தெரிவார். இந்தக் கண்ணாடியில் வாசற்கதவு இடப்பக்கம் இருப்பதால் வருபவர்கள் குறுக்கே வெட்டி நடக்கிறார்கள், பிரச்சினை இல்லை. நீண்ட நடையின் கடைசிச் சுவரில் கண்ணாடி இருந்தால் சென்சாரை 30 முதல் 45 பாகை வரை ஒருபக்கம் சாய்த்துப் பொருத்த வேண்டியிருக்கும்.

வயரிங்கில் மூன்று பின்கள்தான்: 5 வோல்ட் பையின் 2-ஆம் பின்னுக்கு, தரை (கிரவுண்ட்) 6-க்கு, வெளியீடு 11-க்கு. பதினோராம் பின் என்பது ஜிபிஐஓ 17. வெளிக் கருவிகளோடு சிக்னல் பேசும் பையின் பின்கள்தான் ஜிபிஐஓ. பின் பெயர்கள் குமிழுக்கு அடியில் அச்சாகியிருக்கும், குமிழை மெல்ல நெம்பிக் கழற்றிப் பார்த்துவிட்டே இணையுங்கள். ஜிபிஐஓ 2, 3 இரண்டையும் தொட வேண்டாம். அவற்றில் 3.3 வோல்ட்டுக்கு இழுக்கும் மின்தடை பையின் பலகையிலேயே நிரந்தரமாக உண்டு. 9 முதல் 27 வரையிலான ஜிபிஐஓக்கள் பை இயங்கத் தொடங்கும்போதே கீழ்நோக்கி, அதாவது 0 வோல்ட்டுக்கு, இழுக்கப்பட்டிருப்பதால் அவைதான் இந்த வேலைக்கு ஏற்றவை. எஸ்ஆர்501 வெளியீடு 3.3 வோல்ட்தான், இடையில் எதுவும் வேண்டாம். ஆனால் அதற்குக் கொடுக்கும் மின்சாரம் 5 வோல்ட்டாக இருக்க வேண்டும். பலகையில் உள்ள ரெகுலேட்டர் 5-ஐ 3.3 ஆக்கித்தான் உள்ளே கொடுக்கிறது. 3.3 கொடுத்தால் உள்ளே அதற்கும் குறைவாகப் போய்ச் சேரும், சென்சார் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. இந்த அரைகுறைக் கோளாறைப் பிடிப்பது முழுக்கச் செத்த பலகையைப் பிடிப்பதைவிடக் கடினம்.

பலகையில் இரண்டு திருகுகள்: நேரம், உணர்திறன். நேரத் திருகைக் குறைந்த அளவில், அதாவது சுமார் 3 விநாடியில் வையுங்கள். இரண்டு நிமிடக் கணக்கைப் பை பார்த்துக்கொள்ளட்டும். ஐந்து நிமிடம் வரை போகும் அந்தத் திருகில் துல்லியம் கிடையாது. ஜம்பர் எனும் சிறு இணைப்பு மூடியை ‘எச்’ பக்கம் போட்டால் அசைவு தொடரும்வரை வெளியீடு மேலேயே (3.3 வோல்ட்டில்) நிற்கும். வெளியீடு கீழே இறங்கியதும் அடுத்த இரண்டு மூன்று விநாடிக்குச் சென்சார் எதையும் பார்க்காது, அது அதன் இயல்பு. மின்சாரம் வந்த முதல் ஒரு நிமிடத்துக்கும் அதன் பேச்சை நம்ப வேண்டாம்.

ஆளில்லாத ஹாலில் திரை எரிகிறது

துளை போட்டதும் கண்ணாடி ஒழுங்காக வேலை செய்தது. கூடவே இரவில் யாருமில்லாதபோதும் திரை எரியத் தொடங்கியது. பெரும்பாலானோர் இந்தக் கட்டத்தில்தான் உணர்திறன் திருகைத் திருகித் திருகி, கடைசியில் ஆளே தெரியாத அளவுக்குக் குறைத்துவிட்டு, சென்சார் மட்டம் என்று முடிவுகட்டுகிறார்கள். திருகைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் இரண்டு.

சமையலறையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக் குமிழின் மேல் கவிழ்த்து ஒட்டுங்கள். வெளியுலகச் சூடு இப்போது சென்சாருக்குத் தெரியாது, ரேடியோ அலைக்கோ தடையில்லை. அப்படியும் திரை எரிந்தால் கோளாறு மின்சாரத்திலோ ரேடியோ அலையிலோ இருக்கிறது. எரிவது நின்றால் ஹாலில் நிஜமாகவே ஏதோ அசைகிறது: ஜன்னல் திரைச்சீலை, ஏசி காற்று, குழல் விளக்கைச் சுற்றும் பூச்சிக்காக வந்து குமிழின் மேலேயே உட்காரும் பல்லி. எவர்சில்வர் டம்ளர் இந்தச் சோதனைக்கு ஆகாது. அது ரேடியோ அலையையும் சேர்த்து மறைத்துவிடும், எது காரணம் என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

அடுத்த சோதனை, வெளியீடு எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்று பதிவதுதான். பைத்தானில் ஜிபிஐஓஜீரோ நூலகத்தைக் கொண்டு ஏறிய நேரம், இறங்கிய நேரம் இரண்டையும் ஒரு கோப்பில் எழுதினால் போதும். துடிப்பு சில மில்லிவிநாடியே நீடித்தால் அதைச் சென்சார் அனுப்பவில்லை, நீளமான ஒயர் ஆண்டெனாவாகிப் பிடித்தது. ஒயரைச் சுருக்கி, முறுக்கி, பை பக்கத்தில் தரைக்கு 10 கிலோ ஓம் மின்தடையும் 100 நானோஃபாரட் மின்தேக்கியும் வைத்தால் தீரும். 200 மில்லிவிநாடிக்குக் குறைந்த துடிப்பை மென்பொருளில் தள்ளிவிட்டாலும் தீரும். துடிப்பு முழு 3 விநாடி நின்றால் சென்சாரே ஏமாந்திருக்கிறது. மென்பொருளில் எந்த வடிகட்டி போட்டும் பயனில்லை.

இந்தக் கண்ணாடியில் டம்ளருக்குள்ளும் திரை எரிந்தது, துடிப்பும் முழு நீளம். பதிவில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு கொத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு கொத்து. மேஜிக் மிரர் தன் முன்னிருப்பு அமைப்பில் செய்தியை 5 நிமிடத்துக்கும் வானிலையை 10 நிமிடத்துக்கும் ஒருமுறை இணையத்திலிருந்து எடுக்கும். பையின் வைஃபை ஒவ்வொரு முறை பேசும்போதும் பிஐஆர் துள்ளியிருக்கிறது. எஸ்ஆர்501-இல் இருக்கும் பிஸ்0001 சிப், மிகச் சிறிய மின்னழுத்த மாற்றத்தை இரண்டு கட்டமாகப் பல மடங்கு பெருக்குவது. பக்கத்திலேயே 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆண்டெனா இருந்தால் அதையும் சேர்த்தே பெருக்கும். வைஃபையை ஆர்எஃப்கில் கட்டளையால் தடுத்துவிட்டு லேன் ஒயரில் ஓர் இரவு ஓட்டிப் பார்த்தால் சந்தேகம் மிச்சமிராது.

மருந்து, முதலில் தூரம். பை 4-இன் ஆண்டெனா, ஜிபிஐஓ வரிசையின் 1-ஆம் பின் இருக்கும் மூலையில் பலகையிலேயே பதிந்திருக்கிறது. அந்த மூலைக்கும் சென்சாருக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி விடுங்கள். சென்சாரின் மின் பின்களிலேயே 100 நானோஃபாரட் செராமிக் ஒன்றும் 220 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலிடிக் ஒன்றுமாக இரண்டு மின்தேக்கிகளைச் சால்டர் செய்யுங்கள். பலகையின் பின்புறத்தை இன்சுலேஷன் டேப்பால் மூடி, அதன் மேல் அலுமினியத் தாள் சுற்றி, தாளைத் தரையோடு இணைத்தால் இன்னும் நல்லது. இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் ஏஎம்312 வாங்கிப் போட்டுவிடலாம் என்பதுதான் எங்கள் பரிந்துரை. சிறிய பலகை, 2.7 முதல் 12 வோல்ட் வரை ஏற்கும் என்பதால் பையின் 3.3 வோல்ட்டிலேயே ஓடும், ரேடியோ இரைச்சலுக்கு எஸ்ஆர்501 அளவுக்கு அசையாது. திருகு எதுவும் இல்லை, பார்வை 3 முதல் 5 மீட்டர். கண்ணாடிக்கு முன் நிற்பவரைப் பார்க்க அது தாராளம்.

சரியான இடைவெளியில் தவறாமல் திரை எரிந்தால், அதாவது அணைந்த சில விநாடியில் மறுபடி, மறுபடி என்று சுழன்றால், அது வேறு கதை. திரை அணையும் கணத்தில் மின்சாரத்தில் ஏற்படும் குலுக்கலைச் சென்சார் அசைவாக எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன மின்தேக்கிகளோடு, திரை அணைந்த முதல் 5 விநாடிக்குச் சென்சாரைப் பொருட்படுத்தாதே என்று நிரலில் ஒரு வரி சேர்த்தால் அடங்கும்.

சித்திரை வந்ததும் சென்சார் மங்கியது

ஏஎம்312 மாற்றிய பிறகு பனிக்காலம் முழுக்கக் குறையில்லை. ஏப்ரல் கடைசியில் மத்தியான வேளைகளில் கண்ணாடிக்கு எதிரே கையை ஆட்டினால்தான் திரை எரிந்தது. சாயங்காலம் ஏசி போட்டால் தானாகச் சரியாயிற்று.

பிஐஆர் அளப்பது சூட்டை அல்ல, சூட்டின் வித்தியாசத்தை. தோலின் வெளிப்பரப்பு 33, 34 டிகிரி. துணியின் மேற்பரப்பு அதற்கும் கீழே. மேல்தளத்து வீட்டில், வெயில் வாங்கும் சுவர் மே மாத மத்தியானத்தில் 34, 35 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும். ஆளும் சுவரும் ஒரே சூட்டில் இருந்தால் சென்சாருக்கு ஆள் என்று ஒருவர் இல்லவே இல்லை. சுவர் அதற்கும் மேல் சூடேறினால், சூடான பின்னணியில் குளிர்ந்த உருவமாக ஆள் மறுபடி தெரியத் தொடங்குவார், ஆனால் இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று டிகிரியில் எந்தத் திருகும் உதவாது. பலகைகளின் விவரத்தாளில் போட்டிருக்கும் 5 மீட்டர், 7 மீட்டர் எல்லாம் நமது மத்தியானத்தை மனத்தில் வைத்து எழுதியவை அல்ல. ஏசி இல்லாத ஹாலில் கோடையிலும் வேலை செய்ய வேண்டிய கண்ணாடிக்குப் பிஐஆரை மட்டும் நம்புவது தவறு. வெளிநாட்டுச் செய்முறைகளைப் பார்த்துச் செய்பவர்கள் இந்த ஒன்றை முதலிலேயே கணக்கில் எடுத்தால் ஒரு துளை மிச்சமாகும்.

சூட்டை நம்பாத சென்சார்கள் பல. லேசர் ஒளி திரும்பும் நேரத்தை அளக்கும் விஎல்53எல்0எக்ஸ் நல்லதுதான், ஆனால் இருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அதன் ஒளி பூச்சிலேயே பட்டுத் திரும்பி, எப்போதும் சில சென்டிமீட்டர் தொலைவையே காட்டும். துளைக்கு வெளியே வைத்தாலும் பார்வை 25 பாகைதான், எட்டுவது இரண்டு மீட்டருக்குள். அல்ட்ராசோனிக் சென்சாருக்கு இரண்டு பெரிய கண்கள் வெளியே தெரிய வேண்டும், அதன் எக்கோ பின் 5 வோல்ட் தருவதால், பைக்கு ஏற்ப அதைக் குறைக்க மின்தடைப் பிரிப்பும் வேண்டும். கேமராவைக் குளியலறை, படுக்கையறைக் கண்ணாடிகளில் வைக்கவே வேண்டாம்.

ரேடார்: தேவைக்கு மேல் பார்ப்பது

மலிவான ரேடார் ஆர்சிடபிள்யூஎல்-0516. 3.18 கிகாஹெர்ட்ஸில் அலை அனுப்பி, அசையும் பொருளில் பட்டுத் திரும்பும் மாற்றத்தைப் பிடிக்கிறது. பிளைவுட்டைத் துளைத்துப் பார்க்கும் என்பதால் சட்டத்தில் ஓட்டையே தேவையில்லை. சிப் இருக்கும் பக்கம் ஆளை நோக்கி இருக்க வேண்டும். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டருக்கு உலோகம் கூடாது. 5 வோல்ட்டை ‘விஐஎன்’ என்ற பின்னில் கொடுங்கள். ‘3வி3’ என்று எழுதியிருப்பது வெளியே மின்சாரம் தரும் பின். அதில் மின்சாரத்தைக் கொடுத்துவிட்டுச் சென்சார் செத்துவிட்டது என்று சொல்பவர்கள் அதிகம்.

ரேடாரைக் கண்ணாடிக்குப் பின்னால் நேராக வைக்கலாமா? கண்ணாடி தடுக்காது, பூச்சுதான் தடுக்கும். அது மிக மெல்லிய உலோகப் படலம். பாதி ஒளியை விடும் அளவுக்கு மெல்லியதாக இருந்தாலும் ரேடியோ அலையின் பெரும்பகுதியைத் திருப்பியடிக்கும். மானிட்டரின் முதுகுத் தகடு அதைவிட மோசம். எனவே இடம், கீழ்ச் சட்டத்தின் மரத்துக்குப் பின்னால், கண்ணாடியின் விளிம்புக்கு வெளியே.

இந்த ஹாலில் 0516 சூடு பார்க்காமல் வேலை செய்தது, வெயில் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் திரை அணையவே இல்லை. மின்விசிறி ஓடினால் அதுவும் அசைவு. சுவருக்கு அப்பால் பொது நடையில் பக்கத்து வீட்டார் நடந்தாலும் அசைவு, ஏனெனில் நாலரை அங்குலச் செங்கல் சுவர் இந்த அலைக்குப் பெரிய தடையல்ல. பலகையின் பின்னால் ‘ஆர்-ஜிஎன்’ என்ற காலி இடத்தில் 1 மெகாஓம் மின்தடை வைத்தால் தூரம் சுமார் 5 மீட்டராகவும், 270 கிலோ ஓம் வைத்தால் சுமார் 1.5 மீட்டராகவும் குறையும். குறைத்தும் மின்விசிறி தொல்லை முழுக்க விடவில்லை. தூரத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாத ரேடார் அது.

கடைசியில் நிலைத்தது எல்டி2410சி. 24 கிகாஹெர்ட்ஸ், தூரத்தை 0.75 மீட்டர் அடுக்குகளாகப் பிரித்து அடுக்குக்கு ஒரு வரம்பு வைக்க விடுகிறது. அசையாமல் நின்று தலை சீவுபவரையும் மூச்சின் அசைவைக் கொண்டு பிடிக்கும், இது பிஐஆரால் முடியாதது. ‘சி’ என்ற எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். அதில்தான் பின் இடைவெளி வழக்கமான 2.54 மி.மீ.; மற்றவற்றில் 1.27 மி.மீ. என்பதால் நம் ஜம்பர் ஒயர் நுழையாது. 5 வோல்ட், தரை, ‘அவுட்’ என்று மூன்று ஒயர்கள் போதும், பழைய ஜிபிஐஓ 17-க்கே போகலாம். சராசரியாக 80 மில்லி ஆம்பியர் இழுக்கும்.

அமைப்பைக் கைபேசிச் செயலியில் புளூடூத் வழியாக மாற்றலாம். அதிகபட்ச அடுக்கு 3, அதாவது 2.25 மீட்டர். மின்விசிறி அதற்கு அப்பால் போய்விட்டது. ஆள் போன பின் காத்திருக்கும் நேரம் 5 விநாடி, மீதியைப் பை பார்த்துக்கொள்கிறது. இங்கே ஒரு குழப்பம் உண்டு. ‘உணர்திறன்’ என்று செயலி காட்டும் எண் உண்மையில் தாண்ட வேண்டிய வரம்பு. எண்ணைக் கூட்டினால் சென்சார் மந்தமாகும், 100 வைத்தால் அந்த அடுக்கே செத்த மாதிரி. பொய்யாக எரிகிறதே என்று எண்ணைக் குறைப்பவர்கள் தொல்லையைக் கூட்டிக்கொள்கிறார்கள். வேலை முடிந்ததும் தயாரிப்பாளர் வைத்து அனுப்பும் கடவுச்சொல்லை மாற்றுங்கள் அல்லது புளூடூத்தை அணைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அருகில் உள்ள யாரும் உங்கள் கண்ணாடிக்கு முன் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க முடியும்.

சென்சார் சரி, திரைதான் கேட்கவில்லை என்றால்

மல்டிமீட்டரில் வெளியீடு 0-க்கும் 3.3-க்கும் ஒழுங்காக மாறுகிறது, ஆனால் திரை அசையவில்லை. அப்போது கோளாறு பைக்குள். திரையை அணைக்கப் பழைய செய்முறைகள் சொல்லும் ‘விசிஜென்சிஎம்டி’ கட்டளை, புதிய டிஸ்ப்ளே டிரைவரோடு வரும் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்களில் பயன்படாது. 2023-இல் வந்த புக்வார்ம் பதிப்பில், திரையை இயக்கும் அமைப்பாக வேலாண்ட் ஓடினால் ‘டபிள்யூஎல்ஆர்-ராண்டர்’, எக்ஸ்11 ஓடினால் ‘எக்ஸ்ராண்டர்’. கையால் அடித்தால் வேலை செய்து, பின்னணிச் சேவையிலிருந்து வேலை செய்யாவிட்டால் அந்தச் சேவைக்கு வேலாண்ட் திரையின் பெயரும் பயனரின் இயங்குநேரக் கோப்புறையும் தெரியவில்லை என்று பொருள். கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) 6.6 முதல் பழைய முறையில் ஜிபிஐஓ எண்கள் 512 கூடிவிட்டன. பழைய மேஜிக் மிரர் பிஐஆர் மாட்யூல்களில் 17 என்று போட்டுப் பிழை வந்தால் பை 4-இல் 529 போட்டுப் பாருங்கள். பை 5-இல் பழைய ஆர்பிஐ-ஜிபிஐஓ நூலகம் ஓடாது, ஜிபிஐஓஜீரோ ஓடும்.

சிக்னல் நின்றதும் மானிட்டர் அணையாமல் ‘நோ சிக்னல்’ பலகையைக் காட்டிக்கொண்டிருந்தால், அதன் மெனுவில் உள்ளீட்டைத் தானாகத் தேடுவதை நிறுத்தி எச்டிஎம்ஐயிலேயே நிலைநிறுத்துங்கள்.

ரேடாரின் வரம்புகளைப் பெட்டியை மூடிச் சுவரில் மாட்டிய பிறகே வைக்க வேண்டும், மேஜை மேல் வைத்த எண்கள் அங்கே பொருந்தா. மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, ஜன்னலைத் திறந்து திரைச்சீலை ஆடும்போது ஆளில்லாத ஹாலில் ஒவ்வொரு அடுக்கும் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, வரம்பை அதற்கு 10, 15 மேலே வையுங்கள். சென்சாரைப் பசையால் ஒட்டாமல் இரண்டு திருகில் நிற்கும் சிறு பலகையில் பொருத்தி, ஒயரில் கழற்றி மாட்டக்கூடிய ஜேஎஸ்டி இணைப்பான் வைத்தால், அடுத்த முறை மாற்ற மானிட்டரைக் கழற்ற வேண்டியதில்லை.